நனையாமல் கரையேறியவர்கள்



கல்லடிப் பாலத்தைத் தாண்டி உப்போடைப் பக்கம் நின்றுகொண்டு, "மிஷன் எங்கே?" என்று யாராவது ஒரு மூதாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் எந்தத் தேவாலயத்தையும் காட்டமாட்டார். காவி கட்டிய சுவாமிமார் இருக்கும் இராமகிருஷ்ண மிஷனைக் காட்டுவார். அருகில் சிவானந்தா வித்தியாலயம், விபுலாநந்த அடிகளின் சமாதி. இங்கிலாந்திலிருந்து பாதிரிமாரோடு கப்பலேறிய ஒரு சொல், கல்கத்தாவைச் சுற்றிக்கொண்டு வந்து கல்லடியில் குடியேறி, ஊர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தச் சொல் எப்படி வேஷ்டி மாற்றிக்கொண்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தந்த தலைப்பு பெரியது. பண்பாடுகளுக்கும் உலக சமயங்களுக்கும் நடுவே கிறிஸ்தவ மறைபணியை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தார்கள். உலகத்தைக் கேட்டார்கள்; நான் மட்டக்களப்பு வாவியோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் கிடக்கும் இந்தத் தண்ணீரைச் சுற்றிச் சைவர், சோனகர், வேதக்காரர், பறங்கியர், கரையோர வேடர் என்று இத்தனை பேர் இருக்கும்போது வேறு உலகம் எதற்கு?

இந்தத் துறையில் பேசுகிறவன் எந்தக் கரையில் நின்று பேசுகிறான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் வேதக்காரன் அல்லன்; கிறிஸ்தவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். படுவான்கரையில் பிறந்த சைவன். வேதக்காரர் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் காலத்தில் அது அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டிருந்தாலும், சுவரில் பழைய வெள்ளைக்காரப் பாதிரிமாரின் படங்கள் தொங்கின. காலைக் கூட்டத்தின் ஒழுங்கும் மணியடிக்கும் கண்டிப்பும் அவர்கள் விட்டுப்போனவை. யாரும் என்னை ஞானஸ்நானத்துக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போயிருக்கமாட்டேன்; அம்மா கால் முறித்திருப்பார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் என்னை ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். இந்த வாவியைச் சுற்றி என்னைப் போன்றவர்கள்தான் அதிகம். தண்ணீருக்குள் இறங்கினோம், நனையாமல் கரையேறினோம். மறைபணி வரலாறு எழுதியவர்கள் எங்களை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அந்த முறைப்பாட்டோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

இந்தப் படிப்புக்கு வயது அதிகமில்லை. கல்கத்தாவில் நெடுங்காலம் பள்ளி நடத்திவிட்டு ஊர் திரும்பிய அலெக்சாண்டர் டஃப், 1867இல் எடின்பரோவில் இதற்கென ஏற்பட்ட பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். முப்பது ஆண்டு கழித்து ஜெர்மனியின் ஹாலேயில் குஸ்டாவ் வார்னெக் அமர்ந்தார்; தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த ஊர் அது. கத்தோலிக்கர் மறைபணியியல் என்கிறார்கள், சீர்திருத்தச் சபையார் அருட்பணியியல் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் தொடக்கக் கணக்கு ஒன்றுதான்: எத்தனை பேரை அனுப்பினோம், எத்தனை நிலையம் நாட்டினோம், எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டுக்காக உலக மறைபணியின் புள்ளிவிவரப் படத்தொகுதி ஒன்றே அச்சிட்டார்கள். கொம்பனிக்காரரின் வரவு செலவு ஏடுபோல.

அந்த ஏட்டின்படி மட்டக்களப்பு நட்டக் கணக்கு. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். மூன்று ஐரோப்பிய ஆட்சி, மூன்று வகைக் கிறிஸ்தவம். இத்தனைக்கும் பிறகு 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் வேதக்காரர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இத்தனை ஆண்டு உழைப்பின் விளைச்சல் இவ்வளவுதானா என்று அனுப்பியவர்கள் கேட்கலாம். கேள்வி அவர்களுடையது. நம்முடைய கேள்வி வேறாக இருக்க வேண்டும்.

மெதடிஸ்த மறைபணியாளர் வில்லியம் ஓல்டின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். முதிய தோமஸ் கோக் ஒரு சிறு குழுவைத் திரட்டிக்கொண்டு 1813 முடிவில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். வழியிலேயே ஓல்டின் மனைவி இறந்தார். 1814 மே மாதம், இந்துமாக்கடலில், கோக் தாமும் இறந்தார். தலைவரை இழந்த இளைஞர்கள் அந்த ஆண்டு யூன் 29ஆம் திகதி இலங்கையில் கரையிறங்கி, காலியில் கூடித் தீவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு. கிளஃப் காலியில். எர்ஸ்கின் மாத்தறைக்கு. ஓல்ட் மட்டக்களப்புக்கு, தனியாக. ஆவணியில் வந்து சேர்ந்தார். 1815 ஏப்பிரல் முதலாம் திகதி காய்ச்சலில் கண்மூடினார். எட்டு மாதம்.

மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறந்த ஆண்டாக 1814ஐச் சொல்கிறது. ஓல்டுக்குப் புளியந்தீவில் சிலை இருக்கிறது. எட்டு மாதம் இருந்தவருக்கு இருநூறு ஆண்டு நினைவு ஏன் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எட்டு மாதத்தில் ஒரு வெள்ளைக்காரர் எவ்வளவு தமிழ் படித்துவிட முடியும்? அவருடைய பிரசங்கம் யாருக்கு விளங்கியிருக்கும்? பள்ளிக்கூடம் வைத்தார், அது விளங்கியது. வந்தவர் என்ன சொன்னார் என்பதை ஊர் மறந்துவிட்டது, என்ன வைத்தார் என்பதை வைத்துக்கொண்டது. எதை எடுப்பது, எதை விடுவது என்ற தெரிவு முதல் ஆண்டிலேயே ஊர்க்காரர் கைக்குப் போய்விட்டது. இதைக் கவனித்து எழுதிய மறைபணி நூல் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஊர் ஏன் சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்தது என்பதற்கு ஒரு காரணம் எனக்குப் படுகிறது. சமயம் என்றால் என்ன என்பதில் வந்தவருக்கும் இருந்தவருக்கும் ஒரே எண்ணம் இல்லை. பாதிரியார் கேட்டது, "நீ எதை நம்புகிறாய்?" மட்டக்களப்பான் கேட்பது, "நீங்க என்ன குடி?" இங்கே குடி தாய்வழி. வயித்துவார் என்று நம் பெண்கள் சொல்லும் அந்தக் கோடுதான் ஒருவனுக்குக் கோயிலில் இடம் தருகிறது. கொக்கட்டிச்சோலைத் தேரின் வடத்தைப் பிடிக்க யாருக்கு உரிமை, திருவிழாவின் எந்த நாள் எந்தக் குடிக்கு, வண்ணக்கராக யார் வரலாம் என்பதில் தலைமுறை தலைமுறையாக வழக்காடுவார்கள். சிவன் உண்டா இல்லையா என்று யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. சோனகருக்கும் தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பும் அந்தக் கணக்கில்தான் ஓடியது. அரபு நாட்டு மார்க்கம் இங்கே வந்து தாய்வழியில் நடப்பதை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வரே 1960களின் இறுதி தொட்டு வந்து வந்து பார்த்து, 2008இல் பெரிய நூலாகவே எழுதிவிட்டார்.

மண்டூர்க் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே பூசை நடக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். மூலத்தானத்தைத் திரை மறைத்திருக்கும். பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். மந்திரம் இல்லை. சொல்லே இல்லாத அந்தச் சந்நிதிக்கு முன்னால், சொல்லை மட்டுமே நம்பிக் கடல் கடந்து வந்த ஒருவர், கையில் மொழிபெயர்த்த வேதாகமத்தோடு நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. அவர் தர வந்ததை வைப்பதற்கு அங்கே மாடமே இல்லை.

மாடம் இருக்கும் என்று அவர்கள் நம்பிய இடம் ஒன்றுண்டு. வேடர். கோயில் இல்லை, ஏடு இல்லை, குருக்கள் இல்லை. எழுதாத பலகை என்று நினைத்தார்கள். 1840களில் மட்டக்களப்பு மெதடிஸ்தப் போதகர் ரால்ஃப் ஸ்டொட் காட்டுக்குள் போய் வேடரிடம் ஊழியம் செய்தார். அரசாங்கமும் கூடச் சேர்ந்து வீடு கட்டி, கிணறு வெட்டி, விதைநெல் கொடுத்துக் குடியேற்றிப் பார்த்தது. திருமுழுக்குப் பெற்றவர்கள் இருந்தார்கள். கொஞ்சக் காலத்தில் பலர் குடிசையை விட்டுக் காட்டுக்குத் திரும்பினார்கள். எழுதாத பலகை இல்லை அது. எழுதியிருந்ததை வந்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. உத்தியாக்கள் என்று அவர்கள் வழிபடும் இறந்த முன்னோரைப் பற்றி விரிவாக எழுத, 1911இல், மானிடவியலாளர் செலிக்மன் தம்பதியர் தேவைப்பட்டார்கள்.

இந்த வேடர் முயற்சியைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இலங்கையின் குடியேற்றச் செயலாளர். 1850இல் இலங்கையில் கிறிஸ்தவம் பற்றித் தனி நூலும் எழுதியவர். அதே மனிதர்தான் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் வாவிக்குள் தோணியில் போய், தண்ணீருக்குள்ளிருந்து எழும் ஓசையைக் கேட்டார். பாடும் மீன் என்று உலகமே சொல்கிறதே, அது. நிலா வெளிச்சத்தில் துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். டெனன்டும் தோணியின் மரத்தில் காதை வைத்துக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஓசைபோல என்று எழுதினார். ஓட்டி வந்த மீனவர்கள் அது மீன் இல்லை, ஊரி என்னும் சிப்பி அழுகிறது என்றார்கள். மீனவர் சொன்ன தமிழையும் அவர் தம் காதுக்குக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் குறித்து வைத்தார். எழுத்து சிதைந்துதான் இருக்கிறது. ஆனாலும் கேட்டார், அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரிலேயே எழுதினார். கிறிஸ்தவம் பற்றிய நூலில் காட்டாத பொறுமையை அவர் ஒரு சிப்பிக்குக் காட்டியிருக்கிறார் என்று எனக்கு ஒரு குறும்பு எண்ணம்.

அந்த ஓசையைக் கேட்டவர்கள் இன்னும் இருவர். ஒருவரிடம் பிறகு வருகிறேன். மற்றவர் மயில்வாகனம்.

1892இல் காரைதீவில் பிறந்த பிள்ளை. கண்ணகை அம்மன் கோயிலின் குளிர்த்திப் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஊர். கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில் ஆங்கிலம் தொடங்கினார். பிறகு மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி. அங்கே பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி பேர்டினன்ட் பொனல் அடிகளார். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானபின் கிழக்குக்கு வந்த பிரெஞ்சுத் துறவிகளில் ஒருவர். மிக்கேல் கல்லூரியைக் கட்டி எழுப்பியவர் என்று இன்றும் பெயர் சொல்கிறார்கள். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறிய மயில்வாகனத்தை அதே கல்லூரி ஆசிரியராக வைத்துக்கொண்டது. ஒரு சைவப் பிள்ளை மெதடிஸ்தரிடம் தொடங்கி, கத்தோலிக்கரிடம் வளர்ந்து, யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, இலண்டன் பட்டமும் பெற்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமாகி, 1924இல் சென்னையில் துறவு பூண்டு விபுலாநந்தராகத் திரும்பி வந்தது.

வந்து என்ன செய்தார்? பள்ளிக்கூடம் நடத்தினார். மாணவர் விடுதி வைத்தார். 1929இல் தம் குருவின் பெயரில் சிவானந்தா வித்தியாலயம் திறந்தார். நேரசூசி, சீருடை, விளையாட்டு, விடுதி மேற்பார்வை, நன்கொடைக் கணக்கு, பத்திரிகை. எல்லாம் எங்கே கற்றது? பொனல் அடிகளார் முன்னால் இருந்த வாங்கில். மறைபணியின் உள்ளே இருந்ததை வாங்காமல், அதன் உடலை அப்படியே எடுத்துத் தம் உயிரை அதற்குள் ஊதினார். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் இதைச் சண்டையாகச் செய்தார். விபுலாநந்தரிடம் சண்டை இல்லை. மிக்கேல் கல்லூரியை அவர் கடைசிவரை தம் கல்லூரியாகவே நினைத்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த 'மதங்க சூளாமணி'யை எழுதிய கையும், 1947இல் 'யாழ் நூல்' தந்த கையும் ஒரே கைதான். அந்த நூலுக்காக அவர் பாடிய 'நீரர மகளிர் இன்னிசைப் பாடல்' இந்த வாவியின் ஓசையிலிருந்து பிறந்தது. டெனன்ட் சிப்பியைத் தேடிய இடத்தில் அடிகளாருக்கு ஏழு சுரம் கேட்டது.

லமின் சன்னே என்று ஓர் ஆபிரிக்க அறிஞர். காம்பியாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். மறைபணியின் உண்மையான விளைவு மதமாற்றம் அல்ல, மொழிபெயர்ப்பு என்று 1989இல் எழுதினார். வேதத்தை ஒரு நாட்டு மொழியில் பெயர்த்த கணத்திலிருந்து அது அனுப்பியவன் கையை விட்டுப் போய்விடுகிறது, பெற்றவன் அதன் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான் என்பது அவர் வாதம். அருமையான வாதம். ஆனால் சன்னே பார்த்த பெற்றவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர் ஆனவர்கள். மட்டக்களப்பு அவர் வாதத்தை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போகிறது. இங்கே மொழிபெயர்க்கப்பட்டது வேதாகமம் மட்டுமல்ல. மிஷன் என்ற அமைப்பே மொழிபெயர்க்கப்பட்டது, அதைச் செய்தவர் ஞானஸ்நானம் பெறாதவர். கல்லடி மூதாட்டி கை காட்டியது இந்த மொழிபெயர்ப்பைத்தான்.

அந்தச் சங்கிலி அத்தோடு நிற்கவில்லை. மிஷன் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பச் சோனகர் தயங்கினார்கள். அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற பயம். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அந்த ஆண்டே அங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். பக்கத்தூர்க்காரரான விபுலாநந்தரோடு அவருக்கு இருந்த நட்பு ஊரறிந்தது. மெதடிஸ்தரிடமிருந்து கத்தோலிக்கர், அவர்களிடமிருந்து ஒரு சைவத் துறவி, அவருடைய நண்பராக ஒரு முஸ்லிம் அதிகாரி. கைமாறிக் கைமாறிப் போன இந்தப் பொருளை எந்தச் சமயத்தின் வரலாற்றில் எழுதுவீர்கள்?

இங்கே ஒரு தடை எழும். பள்ளிக்கூடம் தூண்டில்தானே, புழுவை மட்டும் தின்றுவிட்டுப் போன மீனைப் பற்றிப் பெருமை பேசுகிறீர்களே என்பீர்கள். தூண்டில்தான், மறுக்கவில்லை. கல்வியால் நம்பிக்கை வரும் என்ற கணக்கு இல்லாமல் எந்த இலண்டன் சபையும் பணம் அனுப்பியிருக்காது. ஆனால் அனுப்பியவனின் நோக்கத்தை மட்டும் படிப்பது, தூண்டில்காரனின் நாட்குறிப்பை மட்டும் வைத்து வாவியின் வரலாற்றை எழுதுவது போன்றது. சைவம் பேசும் சிலரும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் பாதிரியாரின் நோக்கம் மட்டுமே தெரிகிறது, தங்கள் தாத்தாவின் சாமர்த்தியம் தெரிவதில்லை.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மெதடிஸ்தர் பள்ளியும் போயிற்று, கத்தோலிக்கர் பள்ளியும் போயிற்று, இராமகிருஷ்ண மிஷன் பள்ளியும் அதே வண்டியில் போயிற்று. சட்டத்துக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆய்வாளருக்கு முன்பே சட்டம் எழுதியவர் கண்டுபிடித்துவிட்டார்!

பள்ளி போனபின் மறைபணியாளருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. விடையும் நம் ஊரிலேயே, பள்ளி போவதற்கு முன்பிருந்தே, இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்குப் பின் 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்திலிருந்து இயேசு சபைத் துறவிகள் வந்தார்கள். ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரில் மட்டக்களப்பில் மைதானம் இருக்கிறது. யூஜின் ஹெபர்ட் அடிகளார் பாஸ்கெட்போல் பழக்கினார். மிக்கேல் கல்லூரி அணி கொழும்புக்காரரைத் தோற்கடித்துக் கோப்பையோடு ரயிலில் வந்திறங்கிய கதைகளைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். லாங் அடிகளார் 1950களில் வாவியின் ஓசையை ஒலிப்பதிவு செய்தார். பிறகு வருகிறேன் என்று சொன்னேனே, அந்த மூன்றாவது காது இவருடையது. மறைபணியாளர் ஒருவர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் காத்திருந்த இரவை, இந்தத் துறையின் பாடநூலில் நான் ஒரு முழு அத்தியாயமாக வைப்பேன்.

1965இல் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. உரையாடல் என்ற சொல் எங்கும் பரவியது. அதற்கு முன்பே 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மாநாட்டில் ஹென்ட்ரிக் கிரேமரை முன்வைத்து இதே வழக்கு நடந்திருந்தது: பிற சமயங்களில் இறைவனின் வெளிப்பாடு உண்டா, இல்லையா? களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகளார், ஆசியச் சமயங்களின் ஆற்றில் திருச்சபைதான் முழுக வேண்டும் என்று எழுதினார். நனைய வேண்டியது யார் என்பதையே திருப்பிப் போட்டுவிட்டார். இதையெல்லாம் மாணவர்கள் நூல்களில் படித்துக்கொள்ளலாம். நூலில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட். மூன்றாம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். பன்னிரண்டாம் திகதி ஏறாவூர். நூற்றுக்கு மேல், நூற்றுக்கு மேல். தமிழ்க் கிராமங்களில் ஆட்கள் காணாமற்போய்க்கொண்டிருந்தார்கள். செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாளில் சத்துருக்கொண்டான் படுகொலை. இந்த இரண்டு மாதங்களின் நடுவே, ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஹெபர்ட் அடிகளாரும் உடன்வந்த பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞரும் காணாமற்போனார்கள். இன்றுவரை உடல் இல்லை. பாஸ்கெட்போல் பழக்கிய மனிதர். கடைசிக் காலத்தில் எல்லா இனத்துப் பையன்களுக்கும் தொழில் பழக்கும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்திக்கொண்டிருந்தவர்.

அவருடைய தோழர் பென்ஜமின் மில்லர் அடிகளார் ஊரிலேயே இருந்தார். சமாதானக் குழுவில் உட்கார்ந்தார். காணாமற்போனவர்களின் தாய்மார் வந்து சொன்னதைக் கேட்டுப் பெயர், ஊர், திகதி என்று குறித்துக்கொண்டார். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்பிலேயே கண்மூடினார். ஓல்ட் காலத்துப் பாதிரியாரும் பெயர்ப் பதிவு வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களின் பதிவு. மில்லர் வைத்த பதிவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேதக்காரர் அல்லர். மறைபணி என்ற சொல் இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது! இதை எழுதத் திருச்சபைக்காரர் வெட்கப்படுகிறார்கள், தற்புகழ்ச்சியாகிவிடும் என்று. மற்றவர்களுக்கு இது தங்கள் வரலாறு என்ற எண்ணமே இல்லை.

அண்மைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். அதற்கு வேறொரு சொற்பொழிவு வேண்டும். சுனாமிக்குப் பின் புதுப்புதுச் சபைகள் வந்தன. நிவாரணத்தோடு துண்டுப்பிரசுரமும் நீட்டியவர்கள் இருந்தார்கள். நீட்டாமல் கக்கூஸ் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பகுதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம்தான் முந்திய ஆண்டு, கற்பித்தலும் நோயாளர் பராமரிப்பும் செய்யும் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்க இடமளிக்க மறுத்தது; உதவியும் போதனையும் ஒரே கையிலிருப்பது அதற்கு உறுத்தியது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இல் அதைத் தவறு என்றது. தூண்டில் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதற்காகச் சொன்னேன். 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு. ஞாயிறு வகுப்பு முடித்து வாசலில் நின்ற பிள்ளைகள். அதற்கு மேல் அன்றைய நாளைப் பற்றி இந்த மேடையில் எனக்குப் பேச வரவில்லை.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்குப் படுவான்கரை வெயிலில் கால்நடையாகப் போகிறவர்களைப் பாருங்கள். விபூதி நெற்றிகளும் அதில் உண்டு. என் பெரியம்மா ஒருவர் மூன்று ஆண்டு நடந்தார், மகனுக்காக. அவரை வேதத்துக்கு வந்தவர் என்று எழுதுவீர்களா? மண்டூர்த் திருவிழாவையும் அவர் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. மறைபணியியல் நூல்களில் இதற்குக் 'கலப்பு' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாலில் தண்ணீர் கலந்ததுபோல ஒலிக்கும் பெயர். பெரியம்மாவிடம் கேட்டால் கலக்கவில்லை என்பார். இங்கே நேர்த்தி இங்கே, அங்கே நேர்த்தி அங்கே. இரண்டு கடைக் கணக்கும் அவரிடம் சுத்தமாகத்தான் இருந்தது.

இனி அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். ஞானஸ்நானப் பதிவேடுகளைச் சபைகள் பத்திரமாக வைத்திருக்கின்றன; பிரதிகள் கடல் கடந்தும் இருக்கின்றன. ஆனால் நான் சொன்ன வரலாறு அவற்றில் இல்லை. அது பள்ளிக்கூடச் சேர்வு இடாப்புகளில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், சமயம், சேர்ந்த திகதி, விலகிய காரணம். மூன்று ஆண்டுக்கு முன் ஒரு பழைய பாடசாலையில், பெயர் வேண்டாம், அப்படி ஒரு இடாப்பைப் புரட்டிப் பார்த்தேன். சமயம் என்ற நிரலில் மேலிருந்து கீழாகச் சைவம், சைவம், முகம்மதியர், சைவம், றோமன் கத்தோலிக்கம், சைவம். விலகிய காரணம் என்ற நிரலில் ஒரு பையனுக்கு 'வேளாண்மை' என்றிருந்தது. இன்னொரு பெண்பிள்ளைக்கு ஒரே ஒரு சொல்: 'பெரியபிள்ளை'. இருநூறு ஆண்டு வரலாற்றை அந்த இரண்டு நிரலிலிருந்தே எழுதத் தொடங்கலாம். தாளின் ஓரம் முழுக்க நீர்க்கறை. கீழ்த்தட்டில் இருந்த இரண்டு இடாப்புகள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன, பிரிக்க முடியவில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனபோது நனைந்ததா, சுனாமியிலா, பிறகு வந்த வெள்ளத்திலா என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

இந்த அறக்கட்டளையின் வட்டிப் பணம் ஆண்டுக்கொரு சொற்பொழிவுக்கும் அதை அச்சிடுவதற்கும் போகிறது. இரண்டு ஆண்டுகளுக்குச் சொற்பொழிவை நிறுத்திவிடுங்கள். என்னைப் போன்றவர்கள் பேசாததால் வாவி வற்றிவிடாது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கி, இரண்டு மாணவர்களுக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுத்து, வாகரையிலிருந்து கல்முனை வரை பழைய பாடசாலை அலுமாரிகளைத் திறக்கச் சொல்லுங்கள். நானும் கூடப் போகத் தயார். இடாப்பைப் பிடித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் வேண்டும். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும்.